வயிற்றுக்குள் ஒரு மந்தை

தை பிறந்துவிட்டால் கால்நடை மருத்துவரின் கைப்பேசி ஓயாது. மாட்டுப் பொங்கலன்று ஆசையாக ஊட்டிய பொங்கலும் பழமும், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறும், களத்துமேட்டில் காவலில்லாமல் கிடந்த நெல்லும் மாட்டின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்த மறுநாள் அழைப்புகள் வரும். "நேத்து சாயந்திரத்துல இருந்து அசையே போடலீங்க டாக்டர். வயிறு பொம்முன்னு இருக்குதுங்க. சாணி தண்ணியாப் போகுது." நாமக்கல், ஈரோடு பக்கத்துக் கிராமங்களில் அரசுக் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு தீவனக் கலவைக்கு ஆலோசனை சொல்லிவரும் எனக்கு, என்ன நடந்திருக்கும் என்று புரிய இவ்வளவு போதும். கிளம்பும்போதே பையில் சோடா உப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

ஆப்ப மாவில் போடும் அதே சோடியம் பைகார்பனேட்தான். அது மாட்டுக்கு நேராகச் செய்வது கொஞ்சம். மாட்டின் வயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்குச் செய்வதுதான் பெரிது. தீவனத்தில் சேர்க்கும் தாதுக்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும். இத்தனை வருடத் தொழிலில் நான் கற்றதில் முக்கியமானது இதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வளர்ந்த பசுவின் முதல் வயிறு நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். அதிலுள்ள நீரில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். லட்சக்கணக்கில் ஒருசெல் உயிரிகளும், அவற்றோடு பூஞ்சைகளும் உண்டு. வைக்கோலையும் சோளத்தட்டையும் செரிக்கும் நொதி பசுவின் உடம்பில் சுரப்பதில்லை. நார்ச்சத்தை உடைப்பது இந்த நுண்ணுயிர்கள்தான். உடைக்கும்போது அவை வெளியிடும் அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்கள்தான் பசுவுக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதம். வேலை முடித்துக் குடலுக்குள் நகரும் நுண்ணுயிர்களின் உடலே பசுவுக்குப் புரதமாகிறது. விவசாயி கட்டுத்தரையில் கட்டியிருப்பது ஒரு மாடு. அதன் வயிற்றுக்குள் அவர் மேய்ப்பது ஒரு மந்தை. தொட்டியில் கொட்டும் தீவனம் முதலில் போய்ச் சேர்வது அந்த மந்தைக்கே.

தாதுக்கள் இந்த மந்தையிடம் மூன்று விதமாக வேலை செய்கின்றன. சில, அது வாழும் சூழலைச் சீராக்குகின்றன. சில, அதற்கே உணவாகின்றன. சில, அதில் ஒரு பகுதியைக் கொல்கின்றன. முதல் இரண்டும் வளர்ப்பு. மூன்றாவது ஆயுதம். தாது உப்பு விற்க வருகிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டு, "குடல் ஆரோக்கியம்" என்று அச்சடித்துத் தருகிறார்கள். எது எந்த வகை என்று வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சோடா உப்பு முதல் வகை. முதல் வயிற்றின் அமில-கார அளவு, அதாவது பி.எச்., 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும்வரை நார் செரிக்கும் பாக்டீரியாக்கள் செழிப்பாக இருக்கும். அளவுக்கு மீறிச் சோறோ மாவோ உள்ளே போனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்ற பாக்டீரியா மளமளவென்று பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கினால் நார் செரிப்பவை மடியத் தொடங்கும். அமிலத்தைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் மட்டும் ஆட்சி செய்யும். இரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். வயிறு தளும்பும், கண் குழிவிழும், மாடு படுத்துவிடும். அந்த நேரத்தில் சோடா உப்பு அமிலத்தை முறிக்கிறது. கடுமையான நிலையில் இரத்தக் குழாய் வழியாகவும் ஏற்றுகிறோம். ஆனால் அதோடு வேலை முடிவதில்லை. மந்தை அழிந்த வயிற்றுக்குப் புது மந்தை வேண்டும். ஆரோக்கியமான மாட்டின் முதல் வயிற்று நீரை, பெரும்பாலும் இறைச்சிக் கூடத்திலிருந்து வாங்கி, வடிகட்டி, சூடு ஆறுமுன் நோயுற்ற மாட்டுக்குப் புகட்டுவோம். அசை போடாமல் கிடந்த மாடு வாயை அசைக்கத் தொடங்கும்போது வீட்டுக்காரர்களின் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொழிலுக்கு வரலாம்.

பொங்கலுக்கு வரும் இந்த நோய் கண்ணுக்குத் தெரியும். ஆண்டு முழுவதும் நடக்கும் மெல்லிய அமில நோய் தெரியாது. திருச்செங்கோடு பக்கம் ஓர் அம்மா, ஜெர்சிக் கலப்புப் பசுக்கள் வைத்திருந்தவர், என்னைக் கூப்பிட்டிருந்தார். "பாலு அளவு கொறையலீங்க டாக்டர். ஃபேட்டுதான் மூணுக்குக் கீழ எறங்கிருச்சு. சொசைட்டில, தண்ணி ஊத்துறீங்களான்னு கேக்குறாங்க." கடைசி வாக்கியத்தில் அவருக்குக் குரல் உடைந்தது. நேர்மையான மனிதருக்கு அதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

தொட்டியைப் பார்த்தேன். மக்காச்சோள மாவும் தவிடும் கூழாகக் கரைத்து இரண்டு வேளை கொடுக்கிறார். வைக்கோல் விலை ஏறியதால் தட்டு பாதியாகிவிட்டது. இருப்பதும் பொடிப்பொடியாக நறுக்கப்பட்டிருந்தது. மாடுகள் படுத்திருந்தன, ஆனால் அசை போடுபவை குறைவு. சாணி பளபளப்பாகவும் இளகியும் இருந்தது. செரிக்காத மாவுத் துணுக்குகள் தெரிந்தன.

பால் கொழுப்புக்கு மூலப்பொருள் நார் செரிக்கும்போது வரும் அசிட்டிக் அமிலம். வயிறு புளித்தால் நார் செரிக்கும் பாக்டீரியா ஒடுங்கும், அசிட்டிக் அமிலம் குறையும். அதற்கு மேல், புளித்த வயிற்றில் பெருகும் வேறு பாக்டீரியாக்கள் எண்ணெய்ச் சத்தை மாற்றி, பால்மடியில் கொழுப்பு உருவாவதையே தடுக்கும் ஒருவகைக் கொழுப்பமிலத்தை உண்டாக்கிவிடும். ஆகவே பாலில் தண்ணீர் கலக்காமலே கொழுப்பு இறங்கும்.

அவரிடம் சொன்னது இதுதான்: "அம்மா, முதல்ல தட்டு போடுங்க, அப்புறம் மாவு. மாவை ஒரே மூச்சுல கொடுக்காம மூணு நாலு வேளையாப் பிரிங்க. தட்டை விரல் நீளத்துக்குக் குறையாம நறுக்குங்க." அதோடு ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 100 கிராம் சோடா உப்பும் 40 கிராம் மெக்னீசியம் ஆக்சைடும் மாவில் கலந்து கொடுக்கச் சொன்னேன். சோடா வேகமாக அமிலத்தை முறிக்கும். மெக்னீசியம் ஆக்சைடு மெதுவாகக் கரைந்து நின்று வேலை செய்யும். அடுத்த சில வாரங்களில் கொழுப்பு படிப்படியாக ஏறியது. சொசைட்டியில் யாரும் பிறகு கேள்வி கேட்கவில்லை.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். நன்றாக அசை போடும் பசு ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அதில் ஒரு கிலோவுக்கும் அதிகமான பைகார்பனேட் கரைந்திருக்கிறது. கடையில் வாங்கிப் போடும் 100 கிராம் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நீளமான தட்டும் வைக்கோலும் மாட்டை மெல்ல வைக்கின்றன. மெல்லும்போது மாடு தன் சோடாவைத் தானே உற்பத்தி செய்துகொள்கிறது. இதனால்தான் சோடா உப்பு கேட்டு வருகிறவரிடம் முதலில் தட்டு எவ்வளவு போடுகிறீர்கள் என்று கேட்கிறேன். தட்டு இல்லாத தொட்டியில் சோடா கொட்டுவது பணத்தை வீணாக்குவதே.

இரண்டாவது வகை, நுண்ணுயிருக்கே உணவாகும் தாதுக்கள். இதற்குக் கோபால்ட்டின் கதையைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஆஸ்திரேலியாவின் தென்கடலோர மேய்ச்சல் நிலங்களிலும் நியூசிலாந்தின் சில பகுதிகளிலும் ஆடுமாடுகள் பச்சைப் புல்லுக்கு நடுவே நின்றுகொண்டே மெலிந்து, சோகை பிடித்துச் செத்தன. இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து இரும்புத் தாதுவைக் கொடுத்தார்கள். சில தாதுக்களில் குணம் தெரிந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இரு விஞ்ஞானிகள் அந்தத் தாதுவைப் பிரித்துப் பிரித்துச் சோதித்து, குணப்படுத்தியது இரும்பு அல்ல, அதில் ஒட்டியிருந்த கோபால்ட் என்று 1935-இல் காட்டினார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் மார்ஸ்டனும் லைன்ஸும் அதே முடிவுக்கு வந்தார்கள். கோபால்ட்டை ஊசியாகப் போட்டால் பலன் இல்லை, வாய்வழி கொடுத்தால் மட்டும் ஆடு பிழைக்கிறது என்ற புதிர் மட்டும் மிஞ்சியிருந்தது. 1948-இல் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டு, அதன் நடுவில் கோபால்ட் அணு இருப்பது தெரிந்தபோது அந்தப் புதிர் அவிழ்ந்தது. கோபால்ட் தேவைப்பட்டது முதல் வயிற்றுப் பாக்டீரியாவுக்கு. அது கோபால்ட்டை வாங்கி பி12 செய்து ஆட்டுக்குக் கொடுக்கிறது.

ஒரு கிலோ உலர்தீவனத்துக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் கோபால்ட் போதும். நாளுக்குப் பத்து கிலோ உலர்தீவனம் தின்னும் மாட்டுக்கு மொத்தம் ஒன்றிரண்டு மில்லிகிராம். ஒரு கடுகின் எடைகூட வராது. தாது உப்புக் கலவையைச் சீராகக் கலப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இந்த அளவைப் பார்த்தால் விளங்கும். கலவை இயந்திரம் இல்லாமல் மண்வெட்டியால் புரட்டிப் பையில் அடைக்கும் சரக்கில், ஒரு மாட்டுக்குக் கோபால்ட்டே கிடைக்காது, இன்னொன்றுக்குப் பல மடங்கு போகும்.

கந்தகமும் அப்படியே. வைக்கோலில் புரதம் மூன்று, நான்கு சதவீதம்தான். அதை ஈடுகட்ட 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மூடி 21 நாள் வைத்துக் கொடுக்கும் முறை இருக்கிறது. யூரியா, வெல்லப்பாகு, தாது உப்பு சேர்த்து மாடு நக்குவதற்கான கட்டிகளும் உண்டு. யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவைப் பாக்டீரியா புரதமாக்குகிறது. ஆனால் மெத்தியோனின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களைக் கட்ட அதற்குக் கந்தகம் வேண்டும். பத்து முதல் பன்னிரண்டு பங்கு நைட்ரஜனுக்கு ஒரு பங்கு கந்தகம் என்பது கணக்கு. 100 கிராம் யூரியாவில் 46 கிராம் நைட்ரஜன். அதற்கு நான்கு கிராம் அளவில் கந்தகம். புண்ணாக்கு தாராளமாகக் கிடைக்கும் மாட்டுக்கு இது தானாகவே வந்துவிடும். புண்ணாக்கைக் குறைத்து யூரியாவை நம்பும் இடத்தில்தான் பார்த்துச் சேர்க்க வேண்டும். பார்க்காமல் அள்ளிப் போட்டால் அதே பாக்டீரியா கந்தகத்தை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக்கி மாட்டின் மூளையைத் தாக்கும் நோயைக் கொண்டுவரும்; செம்புச் சத்து உடம்பில் சேர்வதையும் கெடுக்கும். தீவனத்தின் உலர் எடையில் மொத்தக் கந்தகம் 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

மாட்டிலிருந்து கோழிக்கு வருகிறேன். நாமக்கல்லில் இருந்துகொண்டு கோழியைப் பேசாமல் விட முடியாது. கோழிக்கு முதல் வயிறு இல்லை; ஆனால் அதன் குடலிலும் ஒரு மந்தை இருக்கிறது. அந்த மந்தைக்கு வாயிற்காவலாக நிற்பது இரைப்பையிலும் அரைவைப்பையிலும் உள்ள அமிலம். சால்மோனெல்லா, ஈ.கோலை போன்றவற்றில் பெரும்பகுதி அந்த அமிலத்திலேயே சாகும். முட்டையிடும் கோழிக்கு ஓடு கட்ட ஒரு நாளைக்கு நான்கு கிராம் அளவு கால்சியம் வேண்டும் என்பதால் தீவனத்தில் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவரை சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் சேர்க்கிறோம். அந்தச் சுண்ணாம்பே அமிலத்தை முறிக்கும் சரக்கு. மாவாக அரைத்துப் போட்டால் உடனே கரைந்து அமிலத்தைத் தின்றுவிடும். குருணையாகப் போட்டால் அரைவைப்பையில் தங்கி மெதுவாகக் கரையும். ஓடு உருவாகும் இரவு நேரத்துக்குக் கால்சியமும் கிடைக்கும். முட்டைக்கோழிக்குப் பெரும்பகுதியைக் குருணையாகக் கொடுக்கச் சொல்வதற்கு இவை இரண்டும் காரணம்.

இளங்குஞ்சு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அதற்கு ஒரு சதவீதம் அளவு கால்சியம் போதும். தீவனம் தீர்ந்துவிட்டது என்று அவசரத்துக்கு முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சு ஷெட்டில் கொட்டினால் சிறுநீரகம் பழுதாகும். குடலில் அமிலம் குறைந்து, குளோஸ்ட்ரிடியம் போன்ற கெட்ட பாக்டீரியா தலையெடுக்கவும் வழி பிறக்கும். குஞ்சுக்குக் கழிச்சல் என்று மருந்து கேட்டு வந்த பண்ணைகளில், மருந்துச் சீட்டு எழுதுவதற்கு முன் சுண்ணாம்புக் கணக்கைப் பார்த்துத் தீர்த்ததுண்டு.

இனி மூன்றாவது வகை. செம்பும் துத்தநாகமும் அளவோடு இருந்தால் சத்து. அளவைப் பல மடங்கு ஏற்றினால் கிருமிக்கொல்லி. பன்றித் தீவனத்தில் கிலோவுக்கு 250 மில்லிகிராம் அளவில் செம்பு சேர்த்தால் வளர்ச்சி கூடுகிறது என்று பிரிட்டனில் 1955-இல் பார்பர், பிராடே, மிட்செல் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். பன்றியின் உடம்புக்குத் தேவையான அளவு இதில் மிகச் சிறு பங்குதான். பால் மறந்த பன்றிக்குட்டிகளின் ஈ.கோலைக் கழிச்சலை அடக்க, கிலோவுக்கு 2,500 மில்லிகிராம் அளவில் துத்தநாகத்தை ஆக்சைடாகக் கொடுக்கும் வழக்கமும் பின்னர் பரவியது. கழிச்சல் நின்றது என்பது உண்மை. ஆனால் செரிக்காத உலோகம் அத்தனையும் சாணத்தில் வெளியேறி வயலில் தங்கியது. டென்மார்க்கில் பன்றிகளின் குடல் பாக்டீரியாவை ஆராய்ந்தபோது, செம்பைத் தாங்கும் மரபணு, ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுக்களோடு சேர்ந்தே பயணிப்பது தெரிந்தது. பன்றிப் பண்ணைகளில் பரவிய எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமியில் துத்தநாகத்தைத் தாங்கும் மரபணுவும் மெத்திசிலினைத் தாங்கும் மரபணுவும் ஒரே இடத்தில் இருந்தன. ஆன்டிபயாடிக் கொடுக்காமலே, உலோகத்தைக் கொடுத்தே, ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியை வளர்க்க முடியும் என்பது இதன் பொருள். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2006-இல் நிறுத்தியது; மருந்தளவுத் துத்தநாக ஆக்சைடை 2022 ஜூனில் நிறுத்தியது.

இந்தியாவில் கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது 2019-இல் தடை செய்யப்பட்டது. அது சரியான முடிவு. ஆனால் ஒரு பொருளைத் தடுக்கும்போது அதன் இடத்துக்கு இன்னொன்று வரப் பார்க்கும். "ஆன்டிபயாடிக் இல்லாத தீர்வு" என்ற பெயரில் உலோக உப்புகளை அளவில்லாமல் ஏற்றிய பொட்டலங்கள் பண்ணை வாசலுக்கு வருகின்றன. சிலர் வழக்கமாகவே குடிநீரில் செம்பு உப்பான மயில்துத்தம் கலக்கிறார்கள். செம்பு மிகுந்தால் கோழியின் அரைவைப்பை உட்சுவர் புண்ணாகும். அந்தக் கோழி எருதான் நம் மஞ்சள் காட்டுக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் போகிறது. மண்ணில் சேரும் உலோகம் மக்கி மறைவதில்லை.

இன்னொரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கான தாது உப்பைச் செம்மறி ஆட்டுக்குக் கொடுக்காதீர்கள். செம்மறி, செம்பை ஈரலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் திடீரென்று கண் மஞ்சளாகி, சிறுநீர் சிவந்து, ஆடு விழும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது கடினம். ஆட்டுக்கென்று செய்த கலவையைக் கேட்டு வாங்குங்கள்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு நடைமுறையில் நான் சொல்வது சுருக்கமானது. கறவை மாட்டுக்கு நாளுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. பையில் ஐ.எஸ். 1664 தர எண்ணும், தயாரித்த தேதியும், ஒவ்வொரு தாதுவின் சதவீதமும் இருக்கிறதா என்று பாருங்கள். சத்துப் பட்டியல் இல்லாத பையை வாங்காதீர்கள். கழுநீரில் கரைத்தால் அடியில் தங்கிவிடும். பிசறிய மாவோடு கலந்து கொடுங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். சோடா உப்பை, மாவுத்தீவனம் அதிகம் கொடுக்கும் கறவைக்கும் கன்று ஈன்று தீவனம் ஏற்றும் நாட்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தீவனத்தை மாற்றினாலும் இரண்டு வாரத்துக்குப் பரப்பி மாற்றுங்கள். வயிற்றிலுள்ள பாக்டீரியா புதுத் தீவனத்துக்குப் பழக அவ்வளவு காலம் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. தீனி தின்று படுத்திருக்கும் மாடுகளைப் பாருங்கள். பாதிக்கு மேல் அசை போட்டுக்கொண்டிருந்தால் உள்ளே மந்தை நலமாக இருக்கிறது. இல்லையென்றால் தாது உப்பு விற்பவரைக் கூப்பிடுவதற்கு முன் தட்டுப் போரைப் பாருங்கள். தீவனத்தை அருகிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். குறைவது எது என்று தெரிந்த பிறகு, குறைகிற அளவுக்கு மட்டும் சேர்த்துக் கொடுங்கள். வயிற்றில் வாழும் உயிர்களை வளர்ப்பதற்குத் தாது உப்பைப் பயன்படுத்துங்கள். கொல்வதற்காக யாராவது அதைக் கொண்டுவந்தால், உங்கள் மருத்துவரைக் கேட்காமல் பையைப் பிரிக்காதீர்கள்.